கொத்தமல்லி வைத்தால் நாலு இலை பறிப்பதற்குள் பூத்துவிடுகிறதே, ஏன்?

எந்த மாதத்தில் விதைத்தீர்கள், அதை முதலில் யோசித்துப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் போட்டிருந்தால் மண்ணையோ உரத்தையோ குறை சொல்ல வேண்டியதே இல்லை. கொத்தமல்லிக்குக் குளிர்ச்சி வேண்டும். வெயில் ஏறி மண் கொதிக்க ஆரம்பித்ததும் இலை விடுவதை நிறுத்திவிட்டு, தண்டை நீட்டிப் பூத்து அவசரமாகக் காய் பிடிக்கப் பார்க்கும்.

நான் மதுரையில் மொட்டைமாடியில் வளர்க்கிறேன். கோடையில் போட்டுப் போட்டு ஏமாந்த பிறகுதான், விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் கரிசல் காட்டில் ஐப்பசி மழையை நம்பித்தானே மல்லி விதைக்கிறார்கள், நாம் ஏன் சித்திரையில் மல்லுக்கு நிற்கிறோம் என்று உறைத்தது. இப்போதெல்லாம் ஐப்பசி கடைசியில் முதல் தொட்டி, அப்புறம் 15 நாளுக்கு ஒன்று என்று தை வரை போடுகிறேன். ஒரே நாளில் எல்லாத் தொட்டியிலும் போட்டால் எல்லாம் ஒன்றாக முற்றிவிடும்.

விதைக்கு மளிகைக் கடை மல்லியே போதும், ஆனால் வறுக்காததாக, புதிதாக இருக்க வேண்டும். அந்த உருண்டை உண்மையில் காய், உள்ளே இரண்டு விதை இருக்கும். சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டினால் இரண்டாகப் பிளந்துவிடும், பொடியாகும் அளவுக்கு அழுத்தாதீர்கள். ராத்திரி முழுக்க ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் தூவி மண் மூடுங்கள். முளைக்க 8, 10 நாள் ஆகும், சில சமயம் இரண்டு வாரம்கூட, அதுவரை கிளறிப் பார்க்கக் கூடாது. ஆணிவேர்ச் செடி என்பதால் பிடுங்கி நட்டால் வாடிப்போகும், அதனால் வளரப்போகிற தொட்டியிலேயே விதைத்துவிடுங்கள், 8 அங்குல ஆழமாவது இருக்கட்டும்.

முதலில் வரும் இரண்டு இலையும் நீளமாகப் புல் மாதிரிதான் இருக்கும், களை என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். சில நாளில் அவற்றின் நடுவிலிருந்து விசிறி போல, ஓரமெல்லாம் வெட்டு விழுந்த குட்டி இலை ஒன்று எட்டிப் பார்க்கும், அதை விரலால் தொட்டாலே மணம் ஒட்டிக்கொள்ளும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த நாள் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அடைமழைதான் பெரிய எதிரி. நாற்றின் மேல் நேராக அடித்தால் சாய்ந்து, அடித்தண்டு அழுகிவிடும், ஆகவே மழை நாளில் தொட்டியை சன்ஷேடுக்குக் கீழே இழுத்து வையுங்கள். இலைச் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சியான அசுவினி வந்தால் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து அடித்தால் போதும்.

40 நாளில் பறிக்கலாம். வெளிப்பக்கத் தண்டுகளை மட்டும் கிள்ளி, நடுக்குருத்தை விட்டுவைத்தால் இன்னும் இரண்டு, மூன்று தடவை எடுக்கலாம். கோடையில்தான் வேண்டும் என்றால் பச்சை வலை நிழலில் நெருக்கமாக விதைத்து, 25, 30 நாளில் வேரோடு பிடுங்கிவிடுங்கள், தண்டு நீட்ட அவகாசம் கொடுக்காதீர்கள்.

புது இலை சோம்புக் கீரை மாதிரி நூல் நூலாக வந்தால் பூக்கப்போகிறது என்று அர்த்தம், அதற்குமேல் கிள்ளினாலும் நிற்காது. சரி, விட்டுவிடுங்கள். வெள்ளைப் பூவுக்குத் தேனீ வரும், அப்புறம் பச்சைக் காய் பிடிக்கும். அதில் நாலைத் தட்டி மோரில் போட்டுக் குடித்துப் பாருங்கள், இலையிலும் தனியாவிலும் கிடைக்காத மணம் அது.