மகளுக்கு எந்த வட்டு வாங்குவது?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இந்த வருடம்தான் வட்டு எறியப் பழகுகிறாள். சொந்தமாக ஒன்று இருந்தால் நல்லது என்கிறார் பி.டி. மாஸ்டர். கடையில் விலை கூடின ‘ஹை ஸ்பின்’ வட்டைக் காட்டி, இதுதான் தூரம் போகும் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், பரமக்குடி

பதில்: இப்போது வேண்டாம். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த வட்டு, நன்றாகச் சுழற்றிவிடத் தெரிந்த கைக்கானது.

ஹை ஸ்பின் வட்டில் 80 சதவீதத்துக்கும் மேலான எடை விளிம்பு வளையத்திலேயே இருக்கும். வேகமாகச் சுழலவிட்டால் சுழற்சி லேசில் குறையாது, வட்டு காற்றில் ஆடாமல் போகும். அந்தச் சுழற்சியைக் கொடுப்பதுதான் கஷ்டம். கடைசியாக ஆள்காட்டி விரலில் உருண்டு வட்டு வெளியேற வேண்டும். அது படியாத கையில், சாட்டை சரியாக இழுபடாத பம்பரம் மாதிரி தள்ளாடி விழுந்துவிடும். விளிம்பில் 70 சதவீதத்தை ஒட்டி எடையுள்ள ‘லோ ஸ்பின்’ வட்டைக் கேளுங்கள். பழகுகிறவருக்கு அதுதான் தூரமும் போகும், விலையும் குறைவு.

எடை 1 கிலோ. பையன்களுக்கு வயது ஏற ஏற 1.5, 1.75, 2 கிலோ என்று மாற்ற வேண்டியிருக்கும். பெண்களுக்கு அந்தச் செலவில்லை. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் இந்திய வீராங்கனை கிருஷ்ணா பூனியா 61.51 மீட்டர் எறிந்து தங்கம் வென்றதும் இதே 1 கிலோ வட்டில்தான்.

வாங்கும்போது கடையிலேயே தராசில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் குறைந்தாலும் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். குறுக்களவு 180 முதல் 182 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். விளிம்பு முழுவதும் விரலை ஓட்டிப் பாருங்கள்; பிசிறு தட்டினால் கையைக் கிழிக்கும், வாங்காதீர்கள். விளிம்பு வளையத்துக்கு நடுவே இரு புறமும் இருக்கும் பக்கத் தட்டு மரமென்றால் ஈரத்தில் உப்பும். மழை பெய்த மைதானத்தில் எறிந்தால் துடைத்து வைக்கச் சொல்லுங்கள்.

பள்ளி மைதானம் கல்லும் கட்டாந்தரையுமாக இருந்தால், தினசரிப் பழக்கத்துக்கு ரப்பர் வட்டே போதும். இரும்பு விளிம்பு கல்லில் பட்டுப் பட்டுச் சிதைந்துவிடும்.

ஒரு வேண்டுகோள். சொந்த வட்டு கையில் இருக்கிறதே என்று தெருவிலோ வீட்டருகே காலி மனையிலோ எறிய விடாதீர்கள். ரப்பரானாலும் அது ஒரு கிலோ. கை நழுவினால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் மைதானத்தில் எறியும் வட்டத்தைச் சுற்றி வலை கட்டுகிறார்கள்.