சிங்கோ டி மாயோ மெக்சிகோவோட சுதந்திர தினமா?

கேள்வி: என் பொண்ணு டெக்சாஸ்ல வேலை பாக்குறா. மே 5 அன்னிக்கு ஆபீஸ்ல சிங்கோ டி மாயோன்னு எல்லாரும் பெரிய தொப்பி மாட்டி, ஒட்டு மீசை வச்சு, டாக்கோ சாப்பிட்டாங்களாம். மெக்சிகோவோட சுதந்திர தினம்னு சொன்னா. ஆனா கூட வேலை பாக்குற மெக்சிகோ பொண்ணு "இல்லவே இல்ல"ன்னுட்டாளாம். அப்ப அது என்ன நாள்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அந்த மெக்சிகோ பொண்ணு சொன்னதுதாம்மா சரி. அவங்க சுதந்திர தினம் செப்டம்பர் 16. 1810ல இடால்கோங்கற பாதிரியார் சர்ச் மணிய அடிச்சு ஸ்பெயினுக்கு எதிரா ஜனங்கள திரட்டின நாள் அது. சிங்கோ டி மாயோன்னா மே அஞ்சுன்னு அர்த்தம், 1862ல புவெப்லாங்கற ஊர்ல நடந்த ஒரு சண்டையோட தேதி.

மெக்சிகோவுல உள்நாட்டு சண்டை முடிஞ்சு கஜானா காலி. அப்ப ஜனாதிபதி பெனிட்டோ ஹுவாரெஸ், சபோடெக் பழங்குடில பொறந்தவர். வெளிநாட்டுக் கடன ரெண்டு வருஷத்துக்கு கட்ட முடியாதுன்னு 1861ல சொல்லிட்டார். உடனே இங்கிலாந்து, ஸ்பெயின், பிரான்ஸ் மூணும் கப்பல் அனுப்பிச்சு, முதல் ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கிட்டு திரும்பிட்டாங்க, பிரான்ஸோட மூணாம் நெப்போலியனுக்கு மட்டும் கடன விட நாட்டு மேலதான் கண்ணு.

சுமார் 6000 பிரெஞ்சு வீரர்கள் புவெப்லாவுக்கு வந்தாங்க. எதிர்ல 33 வயசு ஜெனரல் இக்னாசியோ சரகோசா, அவர்கிட்ட ஆள் அதவிட கம்மி, அதுலயும் பல பேரு சகாபோவாஸ்த்லா மலைப்பக்கத்துலேர்ந்து வந்த பழங்குடி விவசாயிங்க, கையில வயல்ல வெட்டுற மச்செட்டே கத்தி. குன்று மேல இருந்த லொரெட்டோ, குவாதலூப்பே கோட்டைகள நோக்கி பிரெஞ்சுக்காரங்க திரும்பத் திரும்ப ஏறினாங்க, ஒவ்வொரு தடவையும் அடி வாங்கி இறங்கினாங்க, சாயங்காலம் மழை கொட்டி சரிவெல்லாம் சேறாயிடுச்சு. கடைசில அவங்க பின்வாங்க, "தேசத்தோட ஆயுதங்கள் புகழால் மூடப்பட்டிருக்கு"ன்னு சரகோசா தந்தி அடிச்சார். இத எப்ப படிச்சாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆனா போர் அதோட முடியல. நாலே மாசத்துல சரகோசா டைஃபாய்டு வந்து இறந்துட்டார். அடுத்த வருஷம் பிரெஞ்சுக்காரங்க பெரும்படையோட வந்து புவெப்லாவ முற்றுகை போட்டு பிடிச்சாங்க, மாக்சிமிலியன்னு ஒரு ஆஸ்திரிய இளவரசர கொண்டுவந்து ராஜாவாக்கினாங்க. 1867ல அவர சுட்டுக் கொன்னப்புறம்தான் நாடு முழுசா மெக்சிகோக்காரங்க கைக்கு வந்துச்சு.

இது அமெரிக்காவுல எப்படி பெரிசாச்சு? கலிபோர்னியா தங்கச் சுரங்கங்கள்ல நிறைய மெக்சிகோக்காரங்க இருந்தாங்க. வெற்றிச் செய்தி வந்ததும் கொலம்பியாங்கற சுரங்க ஊர்ல துப்பாக்கிய வானத்துல சுட்டு, பாட்டு பாடி கொண்டாடியிருக்காங்க. அப்போ அமெரிக்காவுலயும் அடிமை முறைய வச்சு உள்நாட்டுப் போர் நடந்துட்டிருந்துச்சு, நெப்போலியன் அடிமை முறை வேணும்னு சண்டை போட்ட தெற்கு மாநிலங்கள் பக்கம் சாஞ்சவர்ங்கறதால புவெப்லா வெற்றி அவங்களுக்கு தங்களோட வெற்றியாவும் பட்டுச்சு. அதுக்கப்புறம் 1960கள்ல சிகானோன்னு சொல்லிக்கிட்ட, அமெரிக்காவுல வாழுற மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் தங்களோட அடையாளமா இந்த நாள கையில எடுத்தாங்க. 1980கள்ல பீர் கம்பெனிங்க விளம்பரத்துல இறங்கின பிறகுதான் இந்த ஆபீஸ் பார்ட்டி, பார் கூட்டமெல்லாம்.

மெக்சிகோவுல எல்லாருக்கும் லீவு விடுற நாள்கூட இல்ல இது. புவெப்லாவுல மட்டும் பெரிய அணிவகுப்பு. மெக்சிகோ சிட்டியில பெனோன் டெ லோஸ் பான்யோஸ்ங்கற பகுதியில ஜனங்களே விவசாயியாவும் பிரெஞ்சுக்காரனாவும் வேஷம் கட்டி, வெறும் மருந்து போட்ட துப்பாக்கியால வெடிச்சு, தெருவே புகையாகுற அளவுக்கு அந்த சண்டைய திரும்ப நடத்துவாங்க.

டாக்கோ சாப்பிடட்டும், தப்பே இல்ல. அந்த ஒட்டு மீசைய மட்டும் விட்டுடச் சொல்லுங்க, ஒரு ஜனத்தையே கேலிப் பொம்மையாக்குறது அது. இன்னொண்ணு, சரகோசா பொறந்தது இப்ப டெக்சாஸ்ல இருக்குற கோலியட் ஊர்லதான், 1829ல அது மெக்சிகோ மண்ணு. பொறந்த இடத்தயும் அவர் சிலையயும் இன்னிக்கும் பாக்கலாம். லீவு கிடைச்சா அந்த மெக்சிகோ பொண்ணையும் கூட்டிக்கிட்டு போயிட்டு வரச் சொல்லுங்க.