பிடிக்காத வேலைக்கு மனசு எப்போது வரும்?

கேள்வி: அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எண்களோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காருவேன். மாதக் கடைசியில் மேலதிகாரிக்கு எழுதித் தர வேண்டிய விளக்க அறிக்கை என்றால் மட்டும் கை ஓடாது. கடைசி ராத்திரி வரை இழுத்தடிக்கிறேன். உள்ளிருந்து உந்துதல் வர என்ன வழி?

பதில்: நீங்கள் சோம்பேறி இல்லை அம்மா. சோம்பலாக இருந்தால் எண்களிடமும் அதைக் காட்டியிருப்பீர்கள். தள்ளிப்போடுவதைப் பற்றி டிம் பிச்சில், ஃபுஷியா சிரோயிஸ் என்ற இரு உளவியலாளர்கள் 2013-இல் எழுதிய கட்டுரை எனக்கு மிகவும் உதவியது. ஒரு வேலை கிளப்பும் சங்கடத்திலிருந்து அந்த நேரத்துக்குத் தப்பிக்கத்தான் அதைத் தள்ளிவைக்கிறோம் என்கிறார்கள்.

உங்கள் சங்கடம் எது? முதல் வரி வராததா? அப்படியென்றால், 'இந்த மாதம் செலவு ஏன் கூடியது?' என்று பக்கத்து மேசைக்காரர் கேட்பதாக நினைத்து, வாயால் சொல்வதை அப்படியே தட்டச்சு செய்யுங்கள். மேலதிகாரி திருத்தித் தள்ளுவாரோ என்ற பயமா? பாதி எழுதியதையே முன்கூட்டிக் காட்டிவிடுங்கள். 'யார் படிக்கப் போகிறார்கள்' என்ற கசப்பா? எனக்கென்னவோ அதுதான் என்று படுகிறது. எந்தப் பத்தியை வைத்து முடிவெடுக்கிறார் என்று அவரையே கேளுங்கள். அந்தப் பத்திக்காக மற்றதை எழுதுவீர்கள்.

உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து சொன்னதும் இதையொட்டியதே. வேலை இனிக்க வேண்டியதில்லை. அதைச் செய்ய உங்களுடையதான ஒரு காரணம் இருந்தால் போதும்.

துக்கத்தில் எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதுவது எனக்குக் கனமான வேலை. தப்பாக ஒரு சொல் விழுந்துவிடுமோ என்று மனம் பின்வாங்கும். அவர் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை எழுதிப் பார்ப்பேன். அதற்குள் பதில் நகர ஆரம்பித்திருக்கும். மனசு வந்த பிறகு தொடங்கலாம் என்று இருந்தால் அந்தக் கடிதங்கள் அப்படியே கிடக்கும்.

நேரத்தையும் கட்டிவையுங்கள். 'நாளைக்கு எழுதுவேன்' என்பது பிடிமானம் இல்லாத பேச்சு. 'பேரேட்டை மூடியதும், எழுந்திருக்காமல், அறிக்கைக் கோப்பைத் திறப்பேன்' என்று சொல்லிக்கொள்ளுங்கள். 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்ற இந்த வகைத் தீர்மானம் வெறும் எண்ணத்தைவிட அதிகம் கைகூடுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டியிருக்கிறார்.

கேள்வி: தள்ளிப்போட்டதற்காக என்னையே திட்டிக்கொள்கிறேன். அடுத்த தடவையும் அதேதான். திட்டு போதவில்லையா?

பதில்: திட்டை நிறுத்துங்கள். கல்லூரி முதலாண்டு மாணவர்களிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். திட்டு, அந்த வேலையோடு இன்னொரு வலியையும் ஒட்டவைக்கிறது. பிறகு இரண்டிலிருந்தும் ஓடுகிறோம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பிடித்த வேலையும் கசந்து, தூக்கமும் பசியும் மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அது தள்ளிப்போடக் கூடாத வேலை.