பங்கு சாமியாருக்கு என்ன வேலை?

கேள்வி: ஞாயிறு பூசை முடிஞ்சா பங்கு சாமியாருக்கு (ஒரு பகுதி கத்தோலிக்க மக்களைப் பாத்துக்குற குருவுக்கு) மத்த நாள்ல அப்படி என்னங்க வேலை?

பதில்: நிறைய இருக்குங்க! தினப்பூசை, திருப்புகழ்மாலைன்னு தினமும் அந்தந்த நேரத்துல சொல்ற ஜெபம், ஞானஸ்நானம் கல்யாணம் அடக்கம்னு ரெஜிஸ்டர்ல எழுதுறது, கோவில் கணக்கு எல்லாம் போக, நடுராத்திரி போன் வந்தாலும் சின்ன டப்பியில புனித எண்ணெயை எடுத்துக்கிட்டு சாகக்கிடக்குறவங்ககிட்ட ஓடி, நெத்தியிலயும் கையிலயும் பூசி ஜெபிக்கணும், என்னைக் கேட்டா இதுதான் இருக்குறதுலயே பெரிய பணி. பாவசங்கீர்த்தனத்துல, அதாவது ஒருத்தர் தன் பாவத்தை அறிக்கையிடும்போது, கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் வெளிய சொல்லக்கூடாது, 1983 திருச்சபைச் சட்டத்துல 983வது பிரிவு இது. அந்த பாரத்தை யார்கிட்டயும் இறக்கிவைக்க முடியாது பாருங்க! 75 வயசானா ராஜினாமா கடிதம் குடுக்கச் சொல்லிக் கேட்டுக்குவாங்க, அதை ஏத்துக்குறதா, தள்ளிப்போடுறதான்னு ஆயர் (பிஷப்) முடிவு பண்ணுவார்.