கடவுள் மனிதரானார் என்று கிறிஸ்தவர்கள் சொல்வதன் பொருள் என்ன?

நத்தார் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பனையோலை வேய்ந்த பாலன் குடிலுக்கு முன்னால் நின்று சைவப் பிள்ளைகளும் கேட்கிற கேள்வி இது: கடவுள் ஏன் குழந்தையாகப் பிறக்க வேண்டும்?

கத்தோலிக்கர் இதை மனுவுருவாதல் என்பார்கள். என்றென்றும் இருக்கிற இறைமகன், மரியாளிடம் இயேசு என்னும் உண்மையான மனிதராகப் பிறந்தார் என்பது பொருள். யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரம் இறைமகனை ‘வாக்கு’ என்று அழைத்து, ‘வாக்கு மனிதர் ஆனார்’ என்கிறது. அவருக்குப் பசித்தது, களைத்தது; நண்பர் இலாசர் இறந்தபோது அழுதார்.

ஏன் வந்தார்? பாவத்தால் கடவுளை விட்டு விலகிய மனிதர் தம் முயற்சியால் மட்டும் திரும்ப முடியாது. அதனால் அவரே வந்தார் என்பது நம்பிக்கை.

எங்கள் வளவுக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். சின்னவன் தவறி விழுந்துவிட்டான். மேலே நின்று ‘கயிற்றைப் பிடி’ என்று கத்தினால் போதுமா? கை விறைத்த பிள்ளைக்குப் பிடிக்கத் தெம்பில்லை. அப்பா இறங்குகிறார். கழுத்தளவு தண்ணீரில், அதே குளிரில் நிற்கிறார். அப்போதும் அவர் அப்பாதான். எந்த உவமையும் முழுதாகப் பொருந்தாது, ஆனாலும் என் மனதில் நிற்பது இதுதான்.

சரி, அப்படியானால் இயேசு அரைவாசி கடவுள், அரைவாசி மனிதரா? இல்லை, கி.பி. 451இல் திருச்சபை ஆயர்கள் கூடிய கல்செதோன் சங்கம் அறிக்கையிட்டபடி, அவர் முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர்.