பாதம் வெளியே திரும்புவது கணுக்கால் மடங்காததால்தான்

கேள்வி: வயது 44. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. சில வருடங்களுக்கு முன் வலது கணுக்கால் பலமாகச் சுளுக்கியது. இப்போது நடந்தால் அந்தப் பாதம் வெளிப்பக்கம் திரும்புகிறது. மெதுவாக ஓடினாலே உள்பாதமும் முழங்காலும் வலிக்கின்றன. பாதத்தை நேராக வைத்து ஓடிப் பழகட்டுமா?

பதில்: வேண்டாம். அப்படி வலிந்து செய்தால் வலி வேறொரு இடத்துக்குப் போகும், அவ்வளவுதான்.

பாதம் தரையில் ஊன்றியிருக்கும்போதே முழங்கால் அதைத் தாண்டி முன்னே போக வேண்டும். அதற்குக் கணுக்கால் மடங்கியாக வேண்டும்: நடைக்குச் சுமார் 10 டிகிரி, ஓட்டத்துக்கு 20 டிகிரி அளவுக்கு. தோட்டத்து ஏற்றங்களில் நடக்க இன்னும் கூடுதல். அது கிடைக்காதபோது உடம்பு சுற்றுவழி தேடும். சிலருக்குக் குதிகால் சீக்கிரமே எழும்பிவிடும், சிலருக்கு முழங்கால் பின்னோக்கி வளையும். உங்களுக்குப் பாதம் வெளியே திரும்பி, உள்வளைவு அமுங்கி, முழங்கால் உள்ளே சாய்கிறது. ஓடும்போது ஒவ்வொரு ஊன்றலிலும் உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பாரம் விழுவதால், நடையில் தெரியாத வலி ஓட்டத்தில் தெரிகிறது.

முதலில் ஒரு சோதனை. சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் பெருவிரல் நுனி இருக்கும்படி நில்லுங்கள். குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். இடது காலிலும் செய்து ஒப்பிடுங்கள். தொட முடியாவிட்டால் எங்கே தடுக்கிறது என்று கவனியுங்கள். எல்லாமே அதில்தான் இருக்கிறது.

கெண்டைக்காலில் இழுத்தால் தசை இறுக்கம். சுவரைப் பிடித்து, அந்தக் காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தரையில் அழுத்தி, முழங்காலை நீட்டி 30 விநாடி, மடக்கி 30 விநாடி, மும்மூன்று முறை. இரண்டும் தேவை, ஏனென்றால் அவை வெவ்வேறு தசைகளுக்கு. பாதம் வெளியே திரும்பினால் பலன் போய்விடும். விடியுமுன் வெட்டுக்குப் போகிறவருக்கு அந்நேரம் கால் விறைத்துக் கிடக்கும். கொஞ்சம் நடந்த பிறகு செய்யுங்கள். மாற்றம் தெரியப் பல வாரங்கள் ஆகும்.

கணுக்காலின் முன்பக்கம் நெரிந்து வலித்தால் தடை மூட்டில். பழைய சுளுக்குக்குப் பிறகு இது சகஜம். அங்கே இழுத்து இழுத்துப் பார்க்காதீர்கள். பிசியோதெரபிஸ்ட் மூட்டைக் கையால் தளர்த்த வேண்டும், தேவைப்பட்டால் எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டியிருக்கும்.

அதுவரை சமதளத்தில் நடை போதும். கடற்கரை மணல் மெத்தென்று இருக்கிறதே என்று சங்குத்துறையில் ஓட வேண்டாம். குதிகால் புதைந்தால் கணுக்கால் இன்னும் அதிகமாக மடங்க வேண்டிவரும். அப்புறம், நீண்ட நாள் சர்க்கரை நோய், கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணை விறைப்பாக்கும். பரிசோதித்து ரொம்ப நாளாகியிருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள்.