ராபர்ட் கேபாவின் நார்மண்டி நெகட்டிவ்கள் நிஜமாகவே உருகிப்போயினவா?

நெகட்டிவ் என்பது வெளிச்சமும் இருட்டும் தலைகீழாகப் பதிந்த ஃபிலிம். அதன்மேல், பாலில் ஆடை படிந்தாற்போல, வெள்ளி உப்பு கலந்த மெல்லிய ஜெலட்டின் பூச்சு இருக்கும். படம் பதிவது அதில்தான்.

இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டியில் தரையிறங்கிய 1944 ஜூன் 6 அன்று, அங்குள்ள ஒமாஹா கடற்கரையில் போர்ப் புகைப்படக்காரர் கேபா எடுத்த ஃபிலிம் சுருள்கள் லண்டனில் 'லைஃப்' இதழின் இருட்டறைக்கு வந்தன. அவசரத்தில் உதவியாளர் உலர்த்தும் அலமாரியை மூடிவிட்டாராம். சூட்டில் பூச்சு உருகி, 4 சுருள்களில் 11 படங்களே தேறினவாம். இந்தக் கதையைப் பல்லாண்டு சொல்லிவந்த படப் பொறுப்பாசிரியர் ஜான் மாரிஸே, மற்ற சுருள்களில் எதுவுமே பதியாமல் இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். எனக்கும் அதுதான் நம்பும்படி இருக்கிறது. உலர்த்தும் அலமாரியின் சூட்டுக்கெல்லாம் பூச்சு வழிந்தோடாது என்பது விமர்சகர் ஏ.டி. கோல்மன் தரப்பின் வாதம்.

மிஞ்சிய படங்கள் கலங்கித் தெரிவதற்கும் சூடுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது கேமரா ஆடியதால் வந்தது.